வேலையவிட்டு அனுப்பும்போது நீட்டுற பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி: மலையகத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையில நுவரெலியா பக்கம் ஒரு ஹொட்டல்ல நான் ஸ்டோர்கீப்பரா 9 வருஷம் 4 மாசம் வேலை செஞ்சேன். ஒருநாள் பின்னேரம் எச்.ஆர் ரூமுக்கு கூப்பிட்டு, டீ குடுத்து, ஹொட்டல்ல ஆள் குறைக்கிறோம் தம்பி, உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா 3 லட்சம் தாறோம், இதுல ஒரு சைன் வைங்கன்னு ரெண்டு பக்க இங்கிலீஷ் பேப்பர நீட்டுனாங்க. 3 லட்சம்னதும் எனக்கு பேனாவ எடுக்கத்தான் தோணுச்சு, கண்ணாடி கொண்டுவராததுனால தப்பிச்சேன், உண்மையாவே அவ்வளவுதான் காரணம். அதுக்குப் பிறகு நாலு மாசம் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ்ல அலைஞ்சு கத்துக்கிட்டத இங்க எழுதுறேன். நான் சட்டம் படிச்சவன் இல்ல, அதனால இத வாசிச்சிட்டு நீங்களும் ஒரு லோயர பாருங்க, எப்படிப்பட்ட லோயர்ங்கிறது கீழ இருக்கு.

1. அன்னைக்கு சைன் வைக்காதீங்க

"இன்னைக்கு மட்டும்தான் இந்த ஒஃபர்"னு சொல்லுவாங்க. என்கிட்டயும் சொன்னாங்க, அதே ஒஃபர் மூணு வாரத்துக்கு அப்புறமும் அப்படியே இருந்தது. வீட்டுல காட்டணும் சேர், ஒரு கொப்பி தாங்கன்னு மரியாதையா கேளுங்க. கொப்பி தரலைன்னா போன்ல போட்டோ எடுக்கலாமான்னு கேளுங்க, அதுக்கும் விடலைன்னா எழுந்து வந்துடுங்க, வந்த உடனேயே ஞாபகத்துல இருக்கிறத நாளோட, நேரத்தோட, யார் யார் ரூம்ல இருந்தாங்கன்னு எழுதி வைங்க.

ராஜினாமா கடிதம் தனியா ஒன்னு கேட்டா ரொம்ப கவனம். "நீங்களா விலகுறதா எழுதிக் குடுங்க, அப்பதான் நல்ல சர்விஸ் லெட்டர் தரலாம்"னு சொல்றது எல்லா இடத்துலயும் ஓடுற கதை. நீங்களா விலகுனதா எழுதிக் குடுத்துட்டா, பிறகு "என்ன வற்புறுத்தித்தான் வாங்குனாங்க"ன்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலைமேலதான் விழும்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போங்க. கேட்டுல செக்யூரிட்டி விடலைன்னா சண்டை போடாதீங்க, நேரா பக்கத்து பொலிசுக்குப் போய் இன்ன நாள் இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன் உள்ள விடலன்னு ஒரு என்ட்ரி போட்டுட்டு வந்துடுங்க. வேலைக்கு வராம நின்னுட்டான்னு பிறகு அவங்க ஒரு லெட்டர் அனுப்புனா அந்த என்ட்ரிதான் உங்கள காப்பாத்தும்.

2. காலண்டர்ல ரெண்டு நாள குறிச்சு வைங்க

முதல் நாள்: வேலை நின்ன தேதியில இருந்து 6 மாசம். தொழில் நியாய சபைக்கு, அதாவது நம்ம ஆட்கள் லேபர் கோர்ட்டுன்னு சொல்ற இடத்துக்கு, வழக்கு போடுறதுன்னா அதுக்குள்ள போட்டாகணும். ஆள் குறைப்புன்னு சொல்லி நிப்பாட்டுனதுக்கு தொழில் ஆணையாளருக்கு முறைப்பாடு குடுக்கிறதுக்கும் அதே 6 மாசம்தான்.

பொறி இங்கதான் இருக்கு. பேசிக்கிட்டு இருக்கிற காலம் இந்த 6 மாசத்துல இருந்து கழியாது. "ஹெட் ஒபிஸ்ல அப்ரூவல் வரணும்", "டைரக்டர் வெளிநாடு போயிருக்கார்", "சித்திரை வருஷம் முடியட்டும்"னு இழுப்பாங்க, எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க, ஏழாவது மாசம் போன் எடுக்க மாட்டாங்க. என்கூட வேலை செஞ்ச ஒரு அண்ணனுக்கு இப்படித்தான் ஆச்சு. பேச்சு நடந்தாலும் நாலாவது மாசம் முடியிறதுக்குள்ள லோயர்கிட்ட பேப்பர் ரெடியா இருக்கட்டும்.

ரெண்டாவது நாள்: வேலை நின்னதுல இருந்து 30 நாள். சேவைக்காலப் பணத்த, அதாவது கிரட்யூட்டிய அதுக்குள்ள குடுக்கணும். பிந்துனா பிந்துன காலத்துக்கு ஏத்தமாதிரி 10 வீதத்துல இருந்து 30 வீதம் வரைக்கும் மேலதிகமா கட்டணும்.

3. கடதாசி சேருங்க

லோயர்கிட்ட கைய வீசிக்கிட்டு போனீங்கன்னா அரை மணித்தியாலம் கதை சொல்லியே முடிஞ்சிடும், காசும் போயிடும். நான் முதல் தடவ அப்படித்தான் போனேன்.

வேலைக்கு எடுத்த லெட்டர், நிரந்தரமாக்குன லெட்டர், கடைசி ஆறு மாச சம்பளத் துண்டு, இன்க்ரிமென்ட் லெட்டர், எச்சரிக்கை லெட்டர் ஏதும் வந்திருந்தா அதுவும் (மறைக்காதீங்க, எதிர்ப்பக்கம் எப்படியும் அத எடுத்துப் போடும்), ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) நம்பர், வருஷத்துல வந்த ஈபிஎஃப் கூற்று, சம்பளம் விழுந்த பேங்க் புத்தகம், ஐசி (அடையாள அட்டை), அப்புறம் அவங்க நீட்டுன அந்த பேப்பர். வட்ஸ்அப்ல மெனேஜர் போட்ட மெசேஜ்கள தேதி தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து பிரின்ட் போட்டுக்கங்க. கொம்பனி ஈமெயில உங்க கணக்கு பூட்டுறதுக்கு முன்னாடி பாருங்க, ஆனா உங்களுக்கு சம்பந்தமில்லாத கொம்பனி ஃபைல்கள தூக்கிக்கிட்டு வராதீங்க, அத வச்சே ஒழுக்காற்று விசாரணைன்னு ஆரம்பிச்சிடுவாங்க. எல்லாத்துலயும் ரெண்டு செட் போட்டோ கொப்பி.

தோட்டத்துல இருந்து விலகுறவங்களுக்கு தனியா ஒன்னு. பேர பாருங்க. செக்ரோல்ல (தோட்டத்து சம்பளப் பதிவுல) லெட்சுமி, ஐசியில லக்ஷ்மி, ஈபிஎஃப்ல வேற ஒரு எழுத்து, இதனால எங்க அம்மாவுக்கு ஈபிஎஃப் காசு எடுக்கிறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடுச்சு. இவங்க எல்லாரும் ஒரே ஆள்தான்னு சத்தியக் கடதாசி முடிச்சு, கிராம சேவகர்கிட்ட உறுதிப்படுத்தி, தோட்டத்து ஒபிஸ்ல லெட்டர் வாங்கி... பெரிய தொரை, அதாவது தோட்டத்து மெனேஜர், மாறுறதுக்கு முன்னாடி இத முடிச்சுக்கங்க, புது ஆள் வந்தா மறுபடி முதல்ல இருந்து.

4. ஏற்கனவே உங்க காசு எவ்வளவுன்னு கணக்கு போடுங்க

இந்த பகுதிய மட்டும் ரெண்டு தடவ வாசிங்க. கொம்பனி "தாறோம்"னு சொல்ற காசுல பெரும்பகுதி எப்படியும் தரவேண்டிய காசாத்தான் இருக்கும்.

1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்க பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்துல 5 வருஷம் முடிச்சிருந்தா கிரட்யூட்டி கிடைக்கணும். நீங்களே விலகுனாலும் கிடைக்கும். மாசச் சம்பளம்னா முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாசச் சம்பளம், நாட்சம்பளம்னா ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், ரெண்டுக்குமே கடைசியா வாங்குன சம்பளத்த வச்சுத்தான் கணக்கு. ஓவர்டைம் இதுல சேராது.

என் சம்பளம் 58,000. பாதி 29,000. முடிஞ்சது 9 வருஷம், மிச்ச 4 மாசத்துக்கு ஒன்னும் இல்ல. 29,000 தர 9 = 261,000. அவங்க "ஸ்பெஷலா" குடுத்த 3 லட்சத்துல 261,000 ரூபா சட்டப்படி என்னோட காசு, ஆக 9 வருஷ வேலைய விட்டுக் குடுக்கிறதுக்கு அவங்க போட்ட விலை 39,000. அதுல ரெண்டு மாச சர்விஸ் சார்ஜ் (ஹொட்டல் பில்லுல வாங்கி வேலையாட்களுக்கு பிரிச்சுக் குடுக்கிற காசு) பாக்கி 46,000 வேற இருந்தது, அதையும் கழிச்சா நான்தான் அவங்களுக்கு 7,000 குடுக்கிற மாதிரி வருது. இத லோயர் ஒரு பழைய கவர் பின்னால எழுதிக் காட்டுனப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு.

தோட்டத்துக் கணக்குன்னா, 1,350 ரூபா நாட்சம்பளத்துல 31 வருஷம் வேலை செஞ்ச ஒருத்தருக்கு 1,350 தர 14 தர 31, அதாவது 585,900.

ஈபிஎஃப்ல உங்க சம்பளத்துல 8 வீதம் பிடிப்பாங்க, கொம்பனி 12 வீதம் போடணும், ஈடிஎஃப்க்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) 3 வீதம் முழுசா கொம்பனி கட்டணும், உங்ககிட்ட பிடிக்கக் கூடாது. சம்பளத் துண்டுல பிடிச்சிட்டு அனுப்பாம வச்சிருக்கிற இடங்கள் இருக்கு, லேபர் ஒபிஸ்ல கேட்டு விடுபட்ட மாசம் இருக்கான்னு பாருங்க. ஈபிஎஃப் காசு பொதுவா ஆம்பளைங்களுக்கு 55, பொம்பளைங்களுக்கு 50 வயசுலதான் எடுக்கலாம், அதனால "ஈபிஎஃப் எடுத்துத் தாறோம்"னு எவனாவது சேர்த்துச் சொன்னா உங்க பையில இருக்கிற காசையே உங்களுக்கு தாறேன்னு சொல்றான்னு அர்த்தம்.

சரி, வேலை போனதுக்கு நட்டஈடு எவ்வளவு? 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம்னு ஒன்னு இருக்கு. 15 பேர் அல்லது அதுக்கு மேல உள்ள இடத்துல, வருஷத்துல 180 நாளைக்கு குறையாம வேலை செஞ்ச ஒருத்தர ஒழுக்காற்றுக் காரணம் இல்லாம நிப்பாட்டுறதுன்னா ஒன்னு அவரோட எழுத்துமூல சம்மதம் வேணும், இல்ல தொழில் ஆணையாளரோட அனுமதி வேணும். எனக்கு டீ குடுத்து சைன் கேட்டது ஏன்னு அப்பதான் விளங்குச்சு. என் கையெழுத்துதான் அவங்களுக்குத் தேவைப்பட்ட சாமான். ஆணையாளர் நட்டஈடு தீர்மானிக்கிறதுக்கு ஒரு வாய்ப்பாடு வர்த்தமானியில 2005ல வந்திருக்கு: முதல் 5 வருஷத்துக்கு வருஷம் ஒன்னுக்கு இரண்டரை மாசச் சம்பளம், 6ல இருந்து 14 வருஷம் வரைக்கும் வருஷத்துக்கு 2 மாசம், அதுக்கு மேல போகப்போக குறையும், கூடுனது 48 மாசம். எனக்கு 12.5ம் 8ம் சேத்து 20.5 மாசம், 1,189,000 ரூபா. கிரட்யூட்டி அதுக்கு வெளிய. இந்த காசு அப்படியே கைக்கு வரும்னு நினைக்காதீங்க, ஆனா பேரம் பேசும்போது இந்த நம்பர் தெரிஞ்சிருக்கணும்.

5. சரியான ஆள பிடிங்க

நம்ம நாட்டுல கொம்பனி உங்கள "போய் ஒரு லோயர்கிட்ட காட்டிட்டு வாங்க"ன்னு சொல்லப் போறதில்ல. சில இடத்துல "எங்க லோயர் இருக்கார், அவரே விளங்கப்படுத்துவார்"னு சொல்லுவாங்க. அவர் நல்ல மனுசனாவே இருக்கலாம், ஆனா அவருக்கு காசு குடுக்கிறது யாரு?

மலையகத்து டவுன்கள் சின்னது, எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சவங்க. நான் முதல்ல போன லோயர் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, கடைசியில ஹொட்டல் பேர சொன்னதும் பேனாவ வச்சிட்டு, தம்பி நான் அவங்களுக்கு காணி வழக்கு பேசுறேன், நீங்க வேற ஆள பாருங்கன்னு சொன்னார். நேர்மையான மனுசன், ஃபீஸும் வாங்கல. எல்லாரும் அப்படி சொல்லுவாங்கன்னு எதிர்பார்க்க முடியாது, அதனால கதைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க கேளுங்க: சேர், இந்த கொம்பனிக்கோ இதோட முதலாளிக்கோ நீங்க இதுக்கு முன்னாடி ஏதாவது செஞ்சிருக்கீங்களா? தேவைப்பட்டா பக்கத்து டவுனுக்குப் போங்க. நுவரெலியா கொம்பனின்னா ஹட்டன், ஹட்டன்னா கண்டி, பண்டாரவளைன்னா பதுளை. பஸ் காசு போகட்டும்.

காணி உறுதி எழுதுறவர், குடும்ப வழக்கு பேசுறவர் எல்லாருமே சட்டத்தரணிதான், ஆனா தொழில் வழக்கு பழகுனவரா பாருங்க. கோர்ட் வாசல்ல நின்னு "அண்ணே கேஸா, நான் நல்ல லோயர் காட்டுறேன்"னு வர்ற புரோக்கர் பக்கம் போகாதீங்க.

காசு இல்லைன்னா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, நுவரெலியா, கண்டி, பதுளை மாதிரி இடங்கள்ல கோர்ட் பக்கத்துலயே அவங்க நிலையம் இருக்கு, வருமானம் குறைஞ்சவங்களுக்கு இலவசமா பாப்பாங்க, வருமானத்த காட்ட கிராம சேவகர் லெட்டர் கொண்டுபோங்க.

யூனியன்? சந்தா கட்டுறீங்கன்னா கட்டாயம் போங்க, தொழில் நியாய சபையில யூனியன் ஆளே உங்களுக்காக பேசவும் முடியும். ஆனா உங்க தோட்டத்து தலைவர் காலையில தொரை பங்களாவுல டீ குடிக்கிறவர்னா மாவட்டக் காரியாலயத்துக்கே நேரா போறது நல்லம். லேபர் ஒபிசர்கிட்ட சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கலாம், எனக்கு ரொம்ப நல்லா சொல்லித் தந்தாங்க, ஆனா அவங்க ரெண்டு பக்கத்தையும் பாக்குற அரசாங்க அதிகாரி. இந்த ஒஃபர எடுக்கவா வேணாமான்னு உங்க பக்கம் நின்னு சொல்றது அவங்க வேலை இல்ல.

6. ஃபீஸ முதல்லயே பேசுங்க

எனக்கு போனது: முதல் சந்திப்பு 3,000. பேப்பர வாசிச்சு கோரிக்கைக் கடிதம் எழுத 12,000. கடைசி அக்ரிமென்ட் திருத்தி, கூட வந்து உக்கார 15,000. மொத்தம் 30,000. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இது மாறும். வர்ற காசுல இத்தனை வீதம்னு கேட்டா, கிரட்யூட்டிய அந்தக் கணக்குல சேர்க்காதீங்கன்னு தெளிவா சொல்லிடுங்க. எப்படியும் வரவேண்டிய காசுக்கு ஏன் வீதம் குடுக்கணும்? ரிசீட் கேட்டு வாங்குங்க.

காலையில லோயர்மார் கோர்ட்ல இருப்பாங்க, பின்னேரம் போனாத்தான் ஆறுதலா பேசலாம். போகும்போது கேள்விய எழுதிக்கிட்டு போங்க: இந்த ஒஃபர்ல எனக்கு எப்படியும் வரவேண்டியது எவ்வளவு, வழக்கு போட்டா எத்தனை காலம் ஆகும், தோத்தா என்ன ஆகும், நீங்க என் இடத்துல இருந்தா எந்த நம்பருக்கு இறங்குவீங்க. கடைசி கேள்விதான் முக்கியம், அதுக்கு வளவளன்னு பதில் வந்தா வேற ஆள பாருங்க.

7. பேப்பர்ல எந்த வரிய பாக்கணும்

பேப்பர் இங்கிலீஷ்லயோ சிங்களத்துலயோ தான் வரும். தமிழ்ல கேளுங்க, தரலைன்னா லோயர் வரிவரியா தமிழ்ல சொல்லணும், மகன் ஓ.எல்.ல இங்கிலீஷுக்கு ஏ எடுத்தவன்னு அவன்கிட்ட குடுத்து வாசிக்காதீங்க. என் பேப்பர்ல இருந்த பொறிகள்:

"முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு"ன்னு ஒரு வரி. அதுக்குள்ள கிரட்யூட்டியும் அடங்குதுன்னு சின்னதா இருந்தது. கிரட்யூட்டி, பாக்கிச் சம்பளம், எடுக்காத லீவு, நட்டஈடு எல்லாத்தையும் தனித்தனி வரியா, தனித்தனி தொகையா போடச் சொல்லுங்க.

ஈபிஎஃப், ஈடிஎஃப் பாக்கிக்கு இனி கேக்கமாட்டேன்னு ஒரு வரி. லோயர் அத அப்படியே வெட்டிட்டார். அது சட்டப்படி கட்டவேண்டிய காசு, அத ஏன் நீங்க விட்டுக் குடுக்கிறதா எழுதணும்?

"சுயவிருப்பில் விலகுகிறேன்." இத "கொம்பனியின் ஆட்குறைப்பு காரணமாக"ன்னு மாத்துனோம். அடுத்த வேலைக்கு போறப்பவும் இது உதவுச்சு.

எப்ப காசு தருவாங்கன்னு நாள் இல்ல. "விரைவில்"னு இருந்தது. விரைவில்னா எப்ப, மழை விட்ட பிறகா?

"சுயாதீனமான சட்ட ஆலோசனை பெற்றுக்கொண்டேன்"னு நீங்க ஒத்துக்கிற மாதிரி ஒரு வரியும் இருக்கும், லோயர பாக்காமலே அதுல சைன் வச்சவங்கள எனக்கு தெரியும். போய் பாக்கலைன்னா அந்த வரிய வெட்டச் சொல்லுங்க, இல்லைன்னா பிறகு "எனக்கு விளங்கல"ன்னு சொல்றதுக்கு வழியே இருக்காது.

தோட்டத்துல இருக்கிறவங்களுக்கு எல்லாத்தையும் விட ஆபத்தான வரி வீடு. லயத்து அறையோ (தோட்டம் குடுத்த வரிசை வீடு) குவாட்டர்ஸோ இத்தனை நாள்ல காலி பண்ணிக் குடுக்கிறேன்னு நட்டஈட்டுப் பேப்பருக்குள்ளயே நுழைச்சிருப்பாங்க. வீட்டுல இன்னொருத்தர் இன்னும் தோட்டத்துல பேர் போட்டு வேலை செஞ்சாங்கன்னா அத லோயர்கிட்ட முதல் வேலையா சொல்லுங்க. வீட்டப்பத்தி இந்தப் பேப்பர்ல ஒரு வார்த்தையும் வேணாம்னு நில்லுங்க.

8. பேரம்

எங்க லோயர் பதிவுத் தபால்ல கோரிக்கைக் கடிதம் அனுப்புனார், 14 நாள் டைம் குடுத்து. நம்பர் 20.5 மாசத்துல ஆரம்பிச்சது. அவங்க 6 மாசத்துக்கு வந்தாங்க, நாங்க 15ன்னோம், கடைசியில 12 மாசத்துல நின்னது. வழக்கு போட்டிருந்தா கூட கிடைச்சிருக்குமோன்னு இப்பவும் சிலநேரம் தோணும், ஆனா தொழில் நியாய சபை, அதுக்கு மேல மாகாண மேல்நீதிமன்றத்துல அப்பீல்னு வருஷக்கணக்கா போகக்கூடியது, எனக்கு ரெண்டு பிள்ளை ஸ்கூல் போகுது. உங்க வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும், லோயருக்கு தெரியாது.

நீங்களா எச்.ஆருக்கு போன் போட்டு பேசாதீங்க. நான் ஒருக்கா ராத்திரி கோவத்துல ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டு, அடுத்த நாள் லோயர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

9. சைன் வைக்கிற நாள்

காசோலை கையில வந்த பிறகு, இல்ல பேங்க் கணக்குல விழுந்த பிறகு சைன். அது முடியாதுன்னா தவணை, ஆனா ஒவ்வொரு தவணைக்கும் தேதி, ஒன்னு தவறுனா மிச்சம் முழுசும் உடனே குடுக்கணும்னு ஒரு வரி. எனக்கு ரெண்டு தவணை: கிரட்யூட்டி 261,000மும் சர்விஸ் சார்ஜ் 46,000மும் சைன் வச்ச அன்னைக்கே, நட்டஈடு 696,000 நாற்பது நாளைக்குப் பிறகு. மொத்தம் 1,003,000.

வழக்கு ஏற்கனவே தொழில் நியாய சபையில ஓடுதுன்னா, வெளிய வச்சு கை குலுக்கிட்டு வழக்க வாபஸ் வாங்காதீங்க. இணக்கத்த சபைத் தலைவர் முன்னாடியே சொல்லி கட்டளையா பதிய வைங்க. காசு தரலைன்னா அந்த கட்டளைய வச்சு மேல போகலாம், வெளிய பேசுனத வச்சு எங்க போறது?

ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு பேரும் சைன் வைக்கணும், வெட்டுன இடத்துல எல்லாம் கூட. ஒரு மூலப் பிரதி உங்க கையில. சர்விஸ் லெட்டர அன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க, பிறகு தாறோம்னு சொன்ன லெட்டருக்கு நான் ரெண்டு மாசம் நடந்தேன். யூனிஃபோம், சாவி, கொம்பனி போன் எல்லாம் திருப்பிக் குடுத்ததுக்கு ஒரு துண்டு எழுதி சைன் வாங்குங்க. ஸ்டோர்கீப்பர் வேலை செஞ்சவங்க ஸ்டொக் எண்ணி ஒப்படைச்ச பேப்பரும் வாங்கிக்கங்க, இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு பருப்பு மூட்டை ரெண்ட காணோம்னு போன் வரும். எனக்கு வந்தது, பேப்பர் இருந்ததால ஒரு நிமிசத்துல வச்சிட்டாங்க.